சங்கிலியின் வேலையை யார் செய்வது?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. அன்றைக்கு மனநோயாளிகளுக்கென்று இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1987இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருந்தது. மனநல மருத்துவ இல்லம் நடத்துபவர் உரிமம் வாங்க வேண்டும், அதிகாரிகள் நேரில் வந்து பார்வையிட வேண்டும், நோயாளியின் கண்ணியத்துக்குக் குறைவு வரக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்த எட்டு ஆண்டுகளிலும் ஏர்வாடி தர்காவைச் சுற்றி உரிமம் இல்லாத காப்பகங்கள் பகிரங்கமாக நடந்துவந்தன. எரிந்த கொட்டகையில் இருந்தவர்களில் பெரும்பாலோரின் கால்களில் சங்கிலி கிடந்தது. கட்டப்படாத சிலர் ஓடித் தப்பினார்கள், கட்டப்பட்டவர்கள் இருந்த இடத்திலேயே கருகினார்கள். அன்று 25 பேர் இறந்தார்கள். பின்னர் மேலும் மூவர் இறந்து எண்ணிக்கை 28 ஆனது.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரியில், உரிமம் உள்ளவை, இல்லாதவை என்று எல்லாக் காப்பகங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும்படியும், மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பூட்டுப் போடும் வேலையும் கணக்கெடுக்கும் வேலையும் நடந்தன. ஆனால் அந்த 500 பேரை அவர்கள் வீட்டார் எதற்காக அங்கே கொண்டுவந்து விட்டார்கள், அந்தத் தேவைக்கு இனி என்ன வழி என்ற கேள்வியை யாரும் அதே அவசரத்தோடு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டங்களையும் கொள்கைகளையும் சேவைகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

சங்கிலி கொடுமையானது, அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. இருந்தும் அது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரவெல்லாம் தூங்காமல் தனக்குள் பேசிக்கொண்டும், திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கியும், சில நேரம் கை ஓங்கியும் வாழும் ஒரு மகன் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவன் கிணற்றுப் பக்கமோ ரயில் பாதைப் பக்கமோ போய்விடாமல் ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும். இந்த மூன்று ஆள் வேலையையும் சங்கிலி சம்பளமில்லாமல் செய்தது. ஏர்வாடிக் காப்பகம் அதோடு சோற்றையும், தர்காவின் புனித நீரும் விளக்கு எண்ணெயும் குணமாக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத் தந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம். மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவே இல்லாத காலத்தில், ஒரு குடும்பம் தன் சக்திக்கு உட்பட்டு வாங்க முடிந்த ஒரே சேவை அதுதான். சங்கிலியைத் தடைசெய்யும் சட்டம் அந்த மூன்று ஆள் வேலைக்கு வேறு ஆளைத் தரவில்லையென்றால், சங்கிலி தர்கா வாசலை விட்டுவிட்டு வீட்டின் பின்கட்டுக்குப் போய்விடும். அங்கே எந்த நீதிபதியின் கண்ணுக்கும் அது படாது.

சட்டம் நடந்துவந்த பாதையைப் பார்த்தால், அது நெடுங்காலம் நோயாளியைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதுதான் அதன் கவலை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1794இல், தொடங்கிய மனநோயாளர் விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஊரின் பெயரே வசைச்சொல்லாகும் அளவுக்கு அதன் மதில் தமிழர் மனத்தில் உயர்ந்து நின்றது. 1858இல் வந்த சட்டங்களும் 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டமும் யாரை, யார் உத்தரவின்பேரில் உள்ளே வைக்கலாம், அவர் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதைப் பற்றியே பேசின. 1912 சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1987 சட்டம் சொற்களை நாகரிகமாக்கியது, மேற்பார்வையைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் நடுப்புள்ளியும் சேர்ப்பு உத்தரவுதான், மாஜிஸ்திரேட்தான், மருத்துவமனைதான். வீட்டில் இருக்கும் நோயாளியைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தப் பாதையைத் திருப்பியது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. 2018 மே 29 முதல் நடப்பில் உள்ள இந்தச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவையில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது. நோய் வந்தாலும் வராவிட்டாலும் வயது வந்த எவரும், தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக்கூடாது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. 1987 சட்டத்தின்படி உறவினர் கேட்டுக்கொண்டால் 90 நாள் வரை ஒருவரை உள்ளே வைக்க முடிந்தது. இப்போது இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும், முதல் கட்டம் 30 நாள்தான். அந்தச் சேர்ப்பை ஏழு நாளுக்குள், பெண்ணோ சிறுவரோ என்றால் மூன்று நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவரோ இருந்தவரோ தலைமை ஏற்கும் அந்த வாரியத்தில், நோயை வாழ்ந்து பார்த்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இடம் உண்டு. நோயாளி ஒருவர் தன்னைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் மேசையில் உறுப்பினராக உட்காரலாம் என்று இந்தியச் சட்டம் சொன்னது இதுவே முதல் முறை. அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இந்தச் சட்டத்தை மனநல மருத்துவர்களில் பலர் எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதத்தைத் தட்டிவிட முடியாது. மேலைநாட்டில் நோயாளி தனி ஆள், நம் ஊரில் அவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை, சோறு போடுவதும் மாத்திரை கொடுப்பதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதும் குடும்பம், அந்தக் குடும்பத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற சட்டம் கடைசியில் நோயாளியைத்தான் கைவிடும் என்பது அவர்கள் கவலை. சட்டத்தைப் படித்துப் பார்த்தால் இந்தக் கவலையில் பாதி தீர்ந்துவிடுகிறது. நோயாளி யாரையும் நியமிக்காவிட்டால் அந்தப் பொறுப்பு வரிசைப்படி உறவினருக்கும் பராமரிப்பவருக்கும்தான் போகிறது. முன்கூட்டி எழுதிய விருப்பத்தை ஏற்க முடியாது என்று மருத்துவரோ வீட்டாரோ கருதினால் வாரியத்தில் முறையிடலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் அந்த ஆவணம் கட்டுப்படுத்தாது. சட்டம் கேட்பதெல்லாம், முதலில் நோயாளியிடம் கேள் என்பதுதான். சொத்துக்காகவும் வேண்டாத திருமணத்தை முறிப்பதற்காகவும் மனநோய்ப் பட்டம் கட்டப்படும் நாட்டில் அந்தக் கேள்வி அதிகப்படியானது அல்ல. ஆனால் மீதிப் பாதிக் கவலை நியாயமானது. அது குடும்பத்தின் அதிகாரத்தைப் பற்றியதல்ல, குடும்பத்தின் களைப்பைப் பற்றியது. குடும்பம் என்று நாம் பொதுப்படையாகச் சொல்வது பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான்: அறுபது வயதுத் தாய், வேலையை விட்ட அக்காள், ஓடிப்போகாமல் நின்ற மனைவி. நம் பண்பாட்டின் பெருமையாகக் குடும்பத்தைக் காட்டி மேலைநாட்டுச் சட்டத்தைக் குறைசொல்பவர்கள், அந்தப் பெண் ஓர் இரவு நிம்மதியாகத் தூங்க என்ன ஏற்பாடு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தை எழுதியவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். நோயாளிக்கு உரிமைகளை வரிசையாக எழுதிய சட்டம், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

உரிமை என்று எழுதியதை எங்கே போய் வாங்குவது? பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும் சிகிச்சை கிடைக்காதவர்களின் அளவு 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, கணக்கு 0.75 என்ற அளவில் நிற்கிறது. மூன்று பேராவது வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. 2017 சட்டத்தின் 31ஆம் பிரிவு இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள், மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் வல்லுநர்களை உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்தப் பத்தாண்டு 2028 மே மாதம் முடிகிறது. சட்டம் நடப்புக்கு வந்த 2018-19இல் தேசிய மனநலத் திட்டத்துக்கு மத்திய வரவு செலவுத் திட்டம் ஒதுக்கியது 50 கோடி ரூபாய். மறு ஆண்டு அது 40 கோடியாகக் குறைந்தது. சட்டத்தை முறையாக நிறைவேற்ற ஆண்டுக்கு 94,073 கோடி ரூபாய் ஆகும் என்று நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2019இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அந்தத் தொகை மிகையானது என்று வாதிடலாம். அதில் நூற்றில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொண்டாலும், 40 கோடி அந்த ஒரு பங்கில் பாதியைக்கூடத் தொடவில்லை.

பணக் கணக்கு பெரியதாக இருப்பதால் ஒரு வீட்டின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு மாத மாத்திரையைப் பின்தொடர்ந்தால் தெளிவாகத் தெரியும். சிதைமனநோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, உள்ள ஒருவருக்கு ரிஸ்பெரிடோனோ ஓலன்சபினோ எழுதிக் கொடுக்கிறார்கள். அவற்றால் வரும் கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் இன்னொரு மாத்திரை. இவை விலை அதிகமில்லாத பழைய மருந்துகள்தான், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் மாதம் ஒரு முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வர வேண்டும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். துணைக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பதால் இரண்டு டிக்கெட், அவருடைய ஒரு நாள் கூலி போயிற்று. பஸ்ஸில் நோயாளி சத்தம் போட்டால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். ஓ.பி. சீட்டு, வரிசை, மருத்துவரிடம் சில நிமிடம், மீண்டும் மருந்துக்கு வரிசை. ஐந்தாறு மாதம் இப்படி நடந்தால் நோயாளிக்குத் தேறிவிடுகிறது. தேறியதே வினையாகிறது. நன்றாகத்தானே இருக்கிறான், இந்த மாதம் போக வேண்டாம், அறுவடை முடியட்டும் என்று வீட்டில் தீர்மானிக்கிறார்கள். சில வாரம், சில மாதம் கழித்துப் பழைய குரல்கள் காதில் திரும்ப வருகின்றன. மருந்து விட்டதால் மறுபடி வந்த நோயை மருந்துக்கே கேட்கவில்லை என்று ஊர் சொல்கிறது, அடுத்த பயணம் கோயிலுக்கோ தர்காவுக்கோ. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் அறியாமை முதல் காரணம் அல்ல, தூரம்தான் முதல் காரணம். 2017 சட்டம் அத்தியாவசிய மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு இலவசமாக, எப்போதும் கைவசம் வைத்திருக்கச் சொல்கிறது. இன்னும் ஒரு படி இறங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தையும் துணை நிலையத்தையும் அது கட்டாயத்துக்குள் கொண்டுவந்திருந்தால், அந்த இரண்டு பஸ் மிச்சமாகியிருக்கும்.

இது தெரியாத ரகசியமும் அல்ல. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தபோதே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி கொடுத்து மனநல சிகிச்சையை அடித்தளத்துக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். கர்நாடகத்தின் பெல்லாரியில் அது சோதித்துப் பார்க்கப்பட்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக விரிந்தது. முதல் மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இன்று 767 மாவட்டங்களுக்கு அனுமதி இருப்பதாக அரசு சொல்கிறது. பெயர்ப் பலகை எல்லா மாவட்டத்திலும் தொங்குகிறது, ஆள்தான் பல இடங்களில் இல்லை. மருத்துவர் பணியிடம் காலி, ஒப்பந்தத்தில் வந்த உளவியலாளர் அடுத்த வேலை கிடைத்ததும் போய்விடுகிறார், மருந்து தீர்ந்தால் அடுத்த சரக்கு வரும்வரை இல்லை. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 14416 என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவையை நான் வரவேற்கிறேன். நள்ளிரவில் உயிரை விடத் துணிந்த ஒருவருக்கு மறுமுனையில் தமிழில் ஒரு குரல் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் தொலைபேசியால் ஊசி போட முடியாது, குளிக்கவைக்க முடியாது, ரோட்டில் இறங்கியவரைத் திருப்பி அழைத்துவர முடியாது. அந்த வேலைக்கு ஊரிலேயே ஆள் வேண்டும்.

சட்டம் முன்னால் ஓடி, சேவை பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் உதாரணம். நேர் எதிரான உதாரணம் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் மனநோய்க்கான சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்தும், அந்தப் பழைய கட்டிடம்தான் நின்றது. அங்கொடையிலும் முல்லேரியாவிலும் இருந்த பெரிய மருத்துவமனைகளுக்குள் நாட்டின் மனநலச் சேவை நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொந்தளித்த பிறகு நிலைமை மாறியது. 2005இல் புதிய கொள்கை வந்தது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர்கள் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், ஊர் மட்டத்தில் சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பேரலைக்கு முன் 27 மாவட்டங்களில் 10இல் மட்டுமே இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு 2011இல் 20 மாவட்டங்களுக்கு எட்டியது என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. உளநலம், உளவளத்துணை என்ற சொற்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சாதாரணப் பேச்சுக்குள் வந்ததற்குப் போரும் பேரலையும் தந்த காயங்களோடு இந்தப் பணியாளர்களின் நடையும் காரணம். போர்க் காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்த மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் உழைப்பை இங்கே சொல்லாமல் விட முடியாது. இதை வைத்துச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விக்டோரியா காலத்துச் சட்டத்தின் கீழ் அடைபட்ட ஒருவருக்கு, என்னை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்க ஒரு வாரியம் கிடையாது. ஆனால் ஒரு நாடு ஏழையாக இருந்தும், சட்டம் பழையதாக இருந்தும், ஆளை ஊருக்கு அனுப்ப முடிந்தது. பணம் இல்லை என்ற நம்முடைய பதிலின் பலம் அங்கே குறைந்துவிடுகிறது.

ஆள் என்றால் மனநல மருத்துவர்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2014இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, காஞ்சிபுரம் பகுதி உட்பட இந்தியாவில் மூன்று இடங்களில், பத்தாம் வகுப்பு அளவு படித்த உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, சிதைமனநோய் உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. மருத்துவர் மேற்பார்வையோடு இப்படிப் பராமரிக்கப்பட்டவர்களின் நோய்க்குறிகளும் அன்றாட முடக்கமும் ஓராண்டில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் குறைந்தன. வேறுபாடு அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனால் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது தமிழகக் கிராமப்புறத்தில்தான், அதாவது வேறு எந்தச் சேவையும் அருகில் இல்லாத இடத்தில். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்ததும் அதற்கு உதவியது. கேரளத்தில் வலி நிவாரண இயக்கத்தின் தொண்டர்களைக் கொண்டே கோழிக்கோட்டில் ஓர் அறக்கட்டளை 2008 முதல் ஏழை மனநோயாளிகளுக்கு ஊர் ஊராகச் சிகிச்சை கொடுத்துவருகிறது. ஊர்க்காரர் ஒருவர் வாரம் ஒரு முறை வந்து, மாத்திரை எண்ணிப் பார்த்து, சாப்பிட்டானா, தூங்கினானா என்று தாயிடம் கேட்டுவிட்டுப் போவது, பார்க்க எளிய காரியம். சங்கிலி செய்த வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

கோயிலையும் தர்காவையும் என்ன செய்வது என்பதில் இரண்டு முனைகளில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. மூடநம்பிக்கை, மூடு என்கிறது ஒன்று. மக்கள் நம்பிக்கை, தொடாதே என்கிறது மற்றது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு இரண்டு பேரையும் நிதானிக்கச் சொல்கிறது. தமிழகத்தில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூர் மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கே மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. வீட்டில் ஒருவர் கூடவே தங்குகிறார், கோயிலில் சின்னச் சின்ன வேலைகள், அடிப்பதில்லை. சில வாரங்களில் அவர்களின் நோய்க்குறி அளவீடு ஏறக்குறைய 20 விழுக்காடு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத, 31 பேர் மட்டுமே உள்ள ஆய்வு அது. அதை வைத்துக் கோயிலே மருந்து என்று சொன்னால் தவறு. ஆனால் அமைதியான இடமும், உடன் ஒருவரும், பழிக்காத முகங்களும் கிடைத்தால் நோய் தணிகிறது என்பதை அது காட்டுகிறது. ஏர்வாடிக் காப்பகத்தில் இல்லாமல் போனவையும் இவைதான். திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கும் வழக்கத்தை ஒட்டியே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் இயங்குகிறது, மருத்துவரும் வருகிறார். ஏர்வாடியிலேயே பிற்பாடு, பிரார்த்தனையோடு மருந்தும் என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. இதுதான் சரியான வழி என்று எண்ணுகிறேன். மக்கள் ஏற்கெனவே போகிற வாசலுக்கு மாத்திரை போகட்டும். அடிப்பதையும் கட்டுவதையும் மட்டும் எந்தத் தெய்வத்தின் பெயராலும் அனுமதிக்கக் கூடாது. 2019இல் உத்தரப் பிரதேசத்துப் படாயூனில் நோயாளிகள் கட்டிவைக்கப்பட்டது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிமன்றம் சொன்னதும் அதுவே.

இன்னொரு எதிர்ப்பு மிகக் கூர்மையானது. பெரிய மருத்துவமனைகளைக் காலி செய்தால் நோயாளிகள் நடுத்தெருவுக்குத்தான் வருவார்கள், அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறார்கள். அமெரிக்காவின் மாநில மனநல மருத்துவமனைகளில் 1955இல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பிறகு அவை காலியாயின. 1963இல் சட்டம் போட்டு வாக்களித்த சமூக மையங்கள் தேவையான அளவில் கட்டப்படவே இல்லை, பலர் தெருவிலும் சிறையிலும் முடிந்தார்கள். இது உண்மை. ஆனால் இது கதவைத் திறந்ததால் வந்த கேடு அல்ல, கதவுக்கு வெளியே எதுவும் கட்டாததால் வந்த கேடு. நம் நாட்டில் கதவைத் திறந்தபாடும் இல்லை. 2019இல் வெளியான ஓர் அறிக்கையின்படி அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் குணமாகியும் போக இடமில்லாதவர்கள் ஏராளம். 2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் 46 அரசு நிறுவனங்களின் நிலையையும் மனிதத்தன்மையற்றது என்றே சொன்னது. போக இடமில்லாததற்குக் காரணங்கள் பல: முகவரி மாறிவிட்டது, அண்ணன் குடும்பம் ஏற்காது, கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பெண்களுக்கு இந்த வாசல் எப்போதும் முதலில் அடைபடுகிறது.

இதற்கு விடை சென்னையிலேயே முளைத்தது. 1993இல் தொடங்கிய பேனியன் அமைப்பு, இப்படிப் பல ஆண்டுகள் விடுதியில் கழித்தவர்களுக்கு ஊருக்குள் சாதாரண வாடகை வீடு பிடித்துக் கொடுக்கத் தொடங்கியது. யார் யாரோடு இருப்பது என்பதை அவர்களே தேர்ந்துகொள்கிறார்கள், ஒரு வீட்டில் நான்கைந்து பேர். இன்று குழம்பு என்ன என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்கள். தேவைக்கேற்ப ஒரு பணியாளர் உடன் இருக்கிறார். வார்டில் மணி அடித்தால் தட்டை நீட்டிப் பழகியவர் ஒருவர், உப்பு குறைவு என்று சொல்லும் நிலைக்கு வருவது மருத்துவக் கருவிகள் அளக்காத முன்னேற்றம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் உலகத்துக்கே முன்மாதிரியாகக் காட்டிய சமூக மனநலச் சேவைகளில் இந்த வீடுகளும் இருந்தன. 2017 சட்டத்தின் 19ஆம் பிரிவு, வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவுக்கு உடல் கொடுத்தால் அது இப்படித்தான் இருக்கும்: ஒரு வாடகை வீடு, ஒரு சாவி, ஒரு பணியாளருக்குச் சம்பளம்.

சட்டத்தால் மட்டுமே நடந்த நன்மைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நிறுத்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 309, 2017 சட்டத்தால் பல் இழந்தது. 2024 ஜூலை 1இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அது இல்லை. உயிர் பிழைத்தவரின் கட்டிலருகே போலீஸ்காரர் நிற்கும் நிலைக்கு இருந்த சட்ட அடிப்படை போயிற்று. உடல் நோய்க்கு உள்ள காப்பீடு மனநோய்க்கும் உண்டு என்ற பிரிவும் அப்படித்தான், நிறுவனங்கள் தயங்கித் தயங்கியாவது வழிக்கு வருகின்றன. ஒரு பேனா வெட்டினால் போதும் என்ற இடங்களில் இந்தச் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஆள் வேண்டிய, மாத்திரை வேண்டிய, வீடு வேண்டிய இடங்களில்தான் நின்றுவிட்டது.

அந்த இடங்களிலும் அது நம்மை வெறுங்கையோடு விடவில்லை. ஒரு மாவட்டத்தில் குறைந்தபட்ச மனநலச் சேவை இல்லையென்றால், அங்கே குடியிருப்பவர் அதே மாவட்டத்தில் வேறு எந்த மனநலச் சேவையையும் பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. நான் அறிந்தவரை இந்த வரியை எடுத்துக்கொண்டு வழக்காடிய குடும்பங்கள் மிகச் சில. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைப் பணியாளர்கள் வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். அந்தப் பையில் ரிஸ்பெரிடோன் அட்டைக்கும் இடம் இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒரு முறை போடும் ஊசியைத் துணை சுகாதார நிலையச் செவிலியரே மருத்துவர் சொன்னபடி போட முடியும். 2028 மே மாதத்துக்குள் லட்சத்துக்கு மூன்று மனநல மருத்துவர்களை உருவாக்க நம்மால் முடியாது. ஆனால் அதற்குள் அந்தப் பையில் ஓர் அட்டையைச் சேர்க்க முடியும். அதைக் கொடுக்கப் போகும் பெண்ணுக்கு, பின்கட்டில் யாராவது கட்டுண்டு கிடக்கிறார்களா என்று கேட்கும் பயிற்சியைக் கொடுக்க முடியும். இருக்கிறார் என்று தாய் சொன்னால், அன்றிரவு அந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று எழுதிய ஒரு பட்டியலையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் வைத்திருக்க முடியும்.